ஒரே சில்லு, இரண்டு கருவிகள்: பீகிள்போர்டின் மென்பொருள் பண்டோராவில் ஓடுமா?

"இரண்டிலும் இருப்பது ஒரே சில்லுதானே? இதில் ஓடுவது அதிலும் ஓட வேண்டுமே!" பீகிள்போர்டு என்ற மேம்பாட்டுப் பலகையையும் பண்டோரா என்ற கையடக்க விளையாட்டுக் கருவியையும் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். உடனே இன்னொருவர், "ஒன்றில் திரையே கிடையாது, மற்றொன்றில் விசைப்பலகை முதற்கொண்டு எல்லாம் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? எதுவும் ஓடாது" என்று மறுப்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. அதனால்தான் இந்த வழக்கு தீர்வதே இல்லை.

குழப்பம் "ஓடுமா" என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு சிறிய விளையாட்டு நிரல் ஓடுவது வேறு, மெமரி கார்டில் எழுதி வைத்த முழு இயங்குதளம் ஓடுவது வேறு. முன்னது பெரும்பாலும் ஓடிவிடும். பின்னது பெரும்பாலும் திரையைக்கூட ஒளிர வைக்காது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைக் கணினிப் படிப்பு இல்லாதவருக்கும் விளங்கும்படி சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

## இரண்டு கருவிகளும் எப்படிப்பட்டவை

பீகிள்போர்டு 2008இல் வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சில்லை நடுவில் வைத்து, அங்கே பணியாற்றிய ஜேசன் கிரிட்னர், ஜெரால்ட் கோலி போன்றவர்கள் உருவாக்கிய 3 அங்குலச் சதுரப் பலகை. தொடக்க விலை 149 டாலர். திரை, பெட்டி, பேட்டரி எதுவும் இதனுடன் வராது. வேண்டியதை வாங்குபவரே இணைத்துக்கொள்ள வேண்டும். அதன் மின்சுற்று வரைபடம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. ஒரு சில்லைப் பழகிப் பார்க்கவும் அதற்கு மென்பொருள் எழுதிப் பார்க்கவும் உதவும் இத்தகைய பலகையைத்தான் மேம்பாட்டுப் பலகை என்கிறோம்.

பண்டோரா முழுமையான கருவி. மடித்து மூடக்கூடிய உடல், 800×480 புள்ளிகள் கொண்ட 4.3 அங்குலத் தொடுதிரை, திசை விசைகள், விரலால் தள்ளும் இரண்டு அனலாக் குமிழ்கள், சிறிய விசைப்பலகை, இரண்டு எஸ்டி கார்டு துளைகள், வைஃபை, புளூடூத் என எல்லாம் உள்ளே இருந்தன. 2008 செப்டம்பர் இறுதியில் முன்பதிவு தொடங்கியது. முதல் கருவிகள் வாங்கியவர் கைக்குச் சேர்ந்தது 2010 மே மாதத்தில். அதில் ஓடியது ஆங்ஸ்ட்ரம் என்ற லினக்ஸ் தொகுப்பு. திறமூலக் கருவி, அதாவது மென்பொருளின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் கருவி என்று அது பெயர் பெற்றதற்கு இந்த லினக்ஸே முதற்காரணம்.

முதலில் வந்த வடிவங்களில் இரண்டின் இதயமும் ஓமாப் 3530. சில்லு என்று இங்கே நான் சொல்வது வெறும் பிராசசரை அல்ல. கட்டளைகளை நிறைவேற்றும் கார்டெக்ஸ் ஏ8 பிராசசர், முப்பரிமாணப் படம் வரையும் பவர்விஆர் பகுதி, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, யுஎஸ்பி, மெமரி கார்டு ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகள் எல்லாம் ஒரே துண்டுக்குள் அடங்கியிருக்கின்றன.

தேதிகளைக் கவனியுங்கள். பலகை 2008இலேயே கடையில் கிடைத்தது. கருவிக்காகப் பணம் கட்டியவர்கள் 2010 வரை காத்திருந்தார்கள். கையில் இல்லாத கருவிக்கு எப்படி மென்பொருள் எழுதுவது? அதே சில்லு உள்ள பலகையை வாங்கி அதில் எழுதிப் பார்க்கலாம் என்று சிலர் இறங்கினார்கள். இன்று நமக்குப் பொழுதுபோக்காகத் தோன்றும் இந்தக் கேள்வி அவர்களுக்கு அன்றாட வேலையாக இருந்தது.

## ஒரே சமையல்காரர், இரண்டு மண்டபங்கள்

கல்யாணச் சமையலில் கைதேர்ந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒரு மண்டபத்தில் சமைக்கிறார், மறுநாள் வேறொரு மண்டபத்தில். ஆள் அவரேதான், கைப்பக்குவமும் மாறவில்லை. சாம்பார், ரசம், அவியல் எல்லாவற்றின் செய்முறையும் அவருக்கு அத்துப்படி. ஆனால் இரண்டாவது மண்டபத்தில் அடுப்பு வேறு பக்கம் இருக்கிறது. குழாய் கொல்லையில். மளிகை உள்ள அறையின் சாவி யாரிடம் என்று அவருக்குத் தெரியாது.

நல்ல கல்யாணத்தில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். உக்கிராணத்தைப் பார்த்துக்கொள்பவர். சமையல்காரர் "பத்துக் கிலோ துவரம்பருப்பு" என்று குரல் கொடுத்தால் போதும். அது எந்த அறையில், எந்த மூட்டையில் இருக்கிறது என்பது உக்கிராணக்காரரின் பாடு. அவர் மட்டும் அந்த மண்டபத்தைச் சரியாக அறிந்திருந்தால், சமையல்காரர் எந்த ஊரிலும் சமைத்துவிடுவார். முந்தைய மண்டபத்தின் உக்கிராணக்காரரை அப்படியே இங்கே கொண்டுவந்து நிறுத்தினால், பழைய நினைப்பில் அவர் திறக்கும் கதவின் பின்னால் படுக்கையறை இருக்கும்.

இதைக் கணினிக்குப் பொருத்துவோம். சமையல்காரர்தான் பிராசசர். செய்முறைதான் நிரல். உக்கிராணக்காரர்தான் கர்னல், அதாவது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவே நின்று, நிரல் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் இயங்குதளத்தின் உட்கரு. லினக்ஸ் என்பது கண்டிப்பான பொருளில் இந்தக் கர்னலின் பெயர்தான். மண்டபம் என்பது சில்லைச் சுற்றியுள்ள பலகை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பீகிள்போர்டும் பண்டோராவும் சமையல்காரரைப் பகிர்ந்துகொள்கின்றன, மண்டபத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. எனவே ஒரு மென்பொருள் சமையல்காரரை மட்டும் சார்ந்திருக்கிறதா, மண்டபத்தையும் சார்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

## முதல் அடுக்கு: கட்டளை மொழி

ஒவ்வொரு பிராசசர் குடும்பத்துக்கும் அதற்கே உரிய கட்டளை மொழி உண்டு. மேசைக் கணினிக்காகத் தொகுத்த, அதாவது அதன் கட்டளை மொழிக்கு மாற்றிய நிரல், ஆர்ம் குடும்பப் பிராசசரில் ஒரு வரிகூட நகராது. ஒரே குடும்பத்துக்குள்ளும் தலைமுறை வேறுபாடு இருக்கிறது. கார்டெக்ஸ் ஏ8 ஆர்ம் வி7 தலைமுறை. அதில் நியான் என்ற கூடுதல் பகுதி உண்டு. பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும். 2012இல் வந்த ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் முதல் வடிவில் இருந்தது ஆர்ம் வி6. அதில் நியான் கிடையாது. பண்டோராவின் வேகத்தை முழுதாகப் பயன்படுத்தும்படி தொகுத்த நிரலை அந்த ராஸ்பெர்ரி பையில் ஓடவிட்டால், தெரியாத கட்டளை வந்துவிட்டதென்று அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பீகிள்போர்டுக்கும் பண்டோராவுக்கும் இந்த அடுக்கில் எந்தச் சிக்கலும் இல்லை. ஒரே பிராசசர், ஒரே நியான். "சில்லு ஒன்றுதானே" என்று வாதிடுபவர் இந்த இடத்தில் முழுக்கச் சரி. அவர் இங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு.

## இரண்டாவது அடுக்கு: இலையில் எதை எங்கே வைப்பது

பலரும் கேள்விப்படாமலே கடந்துபோகும் அடுக்கு இது. என் பார்வையில் மிக அதிகமானவர்களை இடறிவிட்டதும் இதுதான். எனவே சற்று நின்று பார்ப்போம்.

நம் பந்தியில் இலையின் நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் இருக்கும். உப்பும் ஊறுகாயும் அந்த நுனிப்பக்கம். இந்த முறையை யாரும் யாருக்கும் ஒவ்வொரு முறையும் சொல்வதில்லை. பரிமாறுபவரும் சாப்பிடுபவரும் பழக்கத்தால் அறிந்திருக்கிறார்கள். இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிடும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். உப்பு இருக்க வேண்டிய இடத்தில் சர்க்கரையை வைத்துவிட்டால், அவர் அதைத்தான் எடுத்துச் சோற்றில் பிசைவார். பிராசசர் அப்படிப்பட்டவர். இருக்க வேண்டிய இடத்தில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார். அது சரியான பொருளா என்று பார்க்க மாட்டார்.

ஒரு நிரலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம் வேலை ஒப்படைக்கும்போது, எண்களை எந்த இடத்தில் வைத்துக் கொடுப்பது என்பதற்கும் இப்படியொரு முறை தேவைப்படுகிறது. அந்த ஒப்பந்தத்துக்கு ஏபிஐ (ABI) என்று பெயர். ஆர்ம் உலகில் 3.14 போன்ற பின்ன எண்களைக் கொடுப்பதற்கு இரண்டு முறைகள் புழங்கின. ஒன்றில், பின்ன எண்ணையும் முழு எண்களுக்கான பதிவகங்களில் வைத்துக் கொடுப்பார்கள். பதிவகம் என்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் மிகச் சிறிய தற்காலிகக் கிண்ணம். இது சாஃப்ட்-எஃப்பி முறை. மற்றொன்றில், பின்னங்களுக்கென்றே உள்ள தனிப் பதிவகங்களில் வைப்பார்கள். இது ஹார்ட்-ஃப்ளோட் முறை. இரண்டிலும் கணக்கைச் செய்யும் வன்பொருள் ஒன்றே. கைமாறும் இடம் மட்டுமே வேறு.

பண்டோராவின் ஆங்ஸ்ட்ரம் சாஃப்ட்-எஃப்பி முறையில் கட்டப்பட்டது. பீகிள்போர்டிலும் தொடக்க ஆண்டுகளில் ஆங்ஸ்ட்ரமே பரவலாக ஓடியதால் இலை ஒரே மாதிரி இருந்தது. நிரல்கள் தாராளமாக இடம் மாறின. பிறகு உபுண்டு 12.04, 2013இல் வெளிவந்த டெபியன் 7 ஆகிய லினக்ஸ் தொகுப்புகள் ஹார்ட்-ஃப்ளோட் பக்கம் போயின. பீகிள்போர்டில் புதிய உபுண்டுவை ஏற்றியவர், அதில் தொகுத்த நிரலைப் பண்டோராவுக்குக் கொண்டுபோனால் ஓடாது. அதே சில்லு, அதே கட்டளை மொழி, இரண்டும் லினக்ஸ். ஆனாலும் ஓடாது.

ஓடாதபோது வரும் பிழைச் செய்தி இன்னும் குழப்பும். கண்ணெதிரே இருக்கும் கோப்பைக் காட்டி, "அப்படியொரு கோப்பு இல்லை" என்று சொல்லும். உண்மையில் இல்லாதது நிரல் அல்ல. நிரலை நினைவகத்தில் ஏற்றிவைக்கும் ஏற்றி என்ற சிறு நிரல்தான் அங்கே இல்லை. ஹார்ட்-ஃப்ளோட் நிரல்கள் வேறு பெயருள்ள ஏற்றியைத் தேடுகின்றன. பண்டோராவில் அந்தப் பெயரில் எதுவும் கிடையாது. கோப்பு பழுதாகிவிட்டது என்று எண்ணி மீண்டும் மீண்டும் பதிவிறக்குபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும். அந்த ஒரு வரிச் செய்தி சற்றுத் தெளிவாக இருந்திருந்தால் எத்தனையோ பேரின் மாலைப்பொழுதுகள் மிஞ்சியிருக்கும்.

## மூன்றாவது அடுக்கு: நூலகங்கள்

நிரல் எழுதுபவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. படம் காட்ட, ஒலி எழுப்ப, எழுத்து அச்சிட ஆயத்தமாக இருக்கும் பொது நிரல் தொகுப்புகளைக் கூப்பிட்டுக்கொள்வார். இவற்றுக்கு நூலகங்கள் என்று பெயர். விளையாட்டு நிரல்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் நூலகம் எஸ்டிஎல்.

இங்கே விதி எளிது. நிரல் கேட்கும் நூலகம், கேட்கும் பதிப்பிலோ அதைவிடப் புதிய இணக்கமான பதிப்பிலோ கருவியில் இருக்க வேண்டும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி பழைய நிரல்களைப் புதிய பதிப்பிலும் ஓடவிடும். புதிய பதிப்பில் தொகுத்த நிரலைப் பழைய பதிப்பில் ஏற்க மறுத்துவிடலாம். ஆகவே இரண்டு கருவிகளுக்கும் சேர்த்து நிரல் தருபவர், இரண்டில் எதில் பழைய நூலகங்கள் இருக்கின்றனவோ அதற்கேற்பத் தொகுப்பதே நல்லது.

பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறாக இருக்கும் நூலகங்களும் உண்டு. பண்டோராவில் பயன்பட்ட எஸ்டிஎல், ஓமாப் சில்லின் திரைப் பகுதியை நேரடியாகப் பயன்படுத்திச் சிறிய படத்தை முழுத்திரைக்கு விரிக்கும்படி மாற்றி எழுதப்பட்டது. 320×240 புள்ளிகளில் வரையும் பழைய விளையாட்டு 800×480 திரையில் பிராசசருக்குப் பாரமில்லாமல் விரிந்தது இதனால்தான். அந்த நூலகம் இல்லாத பலகையில் அதே நிரல் ஓடலாம். படம் ஒரு மூலையில் தபால்தலை அளவில் நிற்கலாம்.

முப்பரிமாண வரைகலை ஒரு தனித் தொல்லை. பவர்விஆர் பகுதிக்கான நூலகங்கள் இரண்டு கருவிகளிலும் திறமூலம் அல்ல. மூல நிரல் இல்லாமல், தொகுத்த வடிவில் மட்டும் அவை கிடைத்தன. அந்த நூலகமும் கர்னலில் உள்ள அதன் இணைப்பகுதியும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்பாக இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, சில்லின் உள்ளிருக்கும் வரைகலைப் பகுதியின் திருத்தத்துக்கு ஏற்ப நூலகமும் மாறும். ஓமாப் 3530க்கு ஒன்று, அதன் பின்வந்த டிஎம் 3730க்கு வேறொன்று. மூல நிரல் கையில் இருந்தால் நாமே மறுபடி தொகுத்துக்கொள்ளலாம். இல்லாதபோது வெளியிட்டவர் தந்ததுதான் எல்லை. திறமூலம் என்பதை ஒரு கொள்கை முழக்கமாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஓர் இடத்தையாவது பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சற்று மூச்சு வாங்கிக்கொள்வோம். கட்டளை மொழி, ஏபிஐ, நூலகங்கள் ஆகிய மூன்றும் பொருந்திவிட்டால் ஒரு சாதாரண நிரல் இரண்டு கருவிகளிலும் ஓடும். முதலாவது எப்போதும் பொருந்துகிறது. மற்ற இரண்டும் நாம் எந்த லினக்ஸ் தொகுப்பை ஏற்றியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தவை. சில்லுக்கு அதில் பங்கில்லை.

## நான்காவது அடுக்கு: மண்டபத்தை அறிந்த கர்னல்

இப்போது உக்கிராணக்காரரிடம் வருவோம். முழு இயங்குதளத்தை ஒரு கார்டில் எழுதி மற்ற கருவியில் செருகினால் ஏன் கருந்திரை வருகிறது?

சில்லிலிருந்து வெளியே வரும் கால்கள் நூற்றுக்கணக்கானவை. ஓமாப் 3530இல் ஒரே காலுக்குப் பல வேலைகள் ஒதுக்கப்படலாம். எந்த வேலை என்பதை மென்பொருள்தான் தேர்ந்தெடுக்கிறது. பீகிள்போர்டில் 149, 150 என்ற எண்ணுள்ள கால்கள் இரண்டு சிறிய விளக்குகளுக்குப் போகின்றன. பண்டோராவை வடிவமைத்தவர்கள் தங்கள் தேவைக்கு ஏற்பக் கால்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். எந்தக் கால் எதனுடன் சேர்ந்திருக்கிறது என்பதைச் சில்லால் தானாக அறிய முடியாது. யாராவது சொல்ல வேண்டும்.

திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சில்லின் அதே திரைப் பகுதிதான் படத்தை அனுப்புகிறது. பீகிள்போர்டில் அந்தக் கம்பிகள் டிஎஃப்பி 410 என்ற இன்னொரு சில்லுக்குப் போகின்றன. அது படத்தை டிவிஐ வடிவுக்கு மாற்றி வெளித்திரைக்கு அனுப்புகிறது. பண்டோராவில் கம்பிகள் எல்சிடி பலகத்துக்குச் செல்கின்றன. அந்தப் பலகமோ, வேறொரு தொடர்பின் வழியே சில ஆணைகளைப் பெற்ற பிறகுதான் விழித்துக்கொள்ளும். பீகிள்போர்டுக்கான கர்னலுக்கு அப்படியொரு பலகம் இருப்பதே தெரியாது. எழுப்புவதற்கு ஆளில்லாமல் திரை உறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தாலும் பார்ப்பவருக்குக் கருவி செத்துவிட்டதாகத் தோன்றும்.

ஒலியிலும் இதே கதைதான். இரண்டு கருவிகளிலும் சில்லுக்குத் துணையாக மின்சாரத்தைக் கவனிக்கும் இன்னொரு சில்லு இருக்கிறது. ஒலி தரும் பகுதியும் அதற்குள் உண்டு. பீகிள்போர்டு அதையே பயன்படுத்துகிறது. பண்டோரா ஒலியை வெளியிடுவதற்குப் பிசிஎம் 1773 என்ற தனிச் சில்லை வைத்துக்கொண்டது. தவறான கர்னல் ஒலியை அனுப்பிவிட்டதாகவே நினைக்கும். ஒலிபெருக்கி வாய் திறக்காது.

## அந்தச் செய்தியைக் கர்னலுக்கு யார் சொல்வது?

பண்டோரா வெளிவந்த காலத்தில் ஒவ்வொரு பலகையைப் பற்றிய விவரமும் கர்னலின் மூல நிரலுக்குள்ளேயே ஒரு கோப்பாக எழுதப்பட்டிருந்தது. பீகிள்போர்டுக்கு ஒரு கோப்பு, பண்டோராவுக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு பலகைக்கும் பதிவு எண்ணும் உண்டு: பீகிள்போர்டுக்கு 1546, பண்டோராவுக்கு 1761. கருவி விழித்தெழும்போது, கர்னலைத் தொடங்கிவைக்கும் நிரல் இந்த எண்ணை ஒரு பதிவகத்தில் வைத்துக் கொடுக்கும். கர்னல் அதைப் பார்த்து, "ஓ, இந்த மண்டபமா" என்று அதற்குரிய கோப்பை எடுத்துக்கொள்ளும். தனக்குத் தெரியாத எண் வந்தால் தொடராமல் நின்றுவிடும்.

இதிலிருந்து கவனிக்கத்தக்க ஒன்று கிடைக்கிறது. இரண்டு கோப்புகளையும் உள்ளே வைத்துத் தொகுத்த ஒரே கர்னல், இரண்டு கருவிகளிலும் ஓட முடியும். எனவே "கர்னல் பொதுவாக இருக்கவே முடியாது" என்பதும் சரியல்ல. இரண்டு மண்டபங்களையும் அறிந்த உக்கிராணக்காரர் இருக்கலாம்.

ஆனால் ஆர்ம் பலகைகள் பெருகப் பெருக, பலகைக் கோப்புகள் கர்னலுக்குள் வெள்ளமாகக் குவிந்தன. 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பற்றி வெளிப்படையாகக் கோபப்பட்டார். அதன் பிறகு பலகை விவரத்தைக் கர்னலுக்கு வெளியே, தனிக் கோப்பாக எழுதும் முறை ஆர்ம் உலகில் வேகமாகப் பரவியது. அந்தக் கோப்புக்குச் சாதன மரம் என்று பெயர். எந்தக் கால் எதற்கு, எந்தத் தொடர்பில் எந்தச் சில்லு, எவ்வளவு நினைவகம் என்பதெல்லாம் அதில் கிளை கிளையாக எழுதப்பட்டிருக்கும். மண்டபத்தின் வரைபடத்தை வாசலிலேயே உக்கிராணக்காரர் கையில் கொடுப்பது போல. லினக்ஸின் மைய மூல நிரலில் பீகிள்போர்டுக்கும் சாதன மரம் சேர்ந்தது, பண்டோராவின் 600 மெகாஹெர்ட்ஸ், 1 கிகாஹெர்ட்ஸ் வடிவங்களுக்கும் தனித்தனியாகச் சேர்ந்தது.

## கர்னலுக்கும் முன்னால் ஒரு படி

மின்சாரம் கொடுத்தவுடன் கர்னல் தானாக வந்துவிடுவதில்லை. சில்லுக்குள் நிரந்தரமாக எழுதப்பட்ட ஒரு சிறு நிரல் முதலில் விழிக்கிறது. அது எக்ஸ்-லோடர் என்ற நிரலைத் தேடி, சில்லுக்குள்ளேயே இருக்கும் 64 கிலோபைட் இடத்தில் ஏற்றுகிறது. எக்ஸ்-லோடர் வெளி நினைவகத்தைத் தட்டி எழுப்புகிறது. பிறகு யு-பூட் வருகிறது. யு-பூட் கர்னலை ஏற்றுகிறது.

எக்ஸ்-லோடரின் வேலை நினைவகத்தின் வேகத்தையும் அளவையும் சரியாக அமைப்பது. அது பலகைக்குப் பலகை மாறும். இங்கே தவறினால் அடுத்த படியே கிடையாது. பிழைச் செய்தி காட்டக்கூட யாரும் விழித்திருக்க மாட்டார்கள். பீகிள்போர்டுக்கான கார்டைப் பண்டோராவில் செருகுவதற்கு முன் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான். பண்டோரா வழக்கமாகத் தன் உள்ளிருக்கும் 512 மெகாபைட் நாண்ட் நினைவகத்திலிருந்து எழுகிறது. வலது தோள்பட்டை விசையை அழுத்திக்கொண்டு தொடங்கினால் வேறு இடத்திலிருந்து எழுப்பும் பட்டியல் வரும்.

பெயர் ஒன்றாக இருப்பதும் பாதுகாப்பல்ல. 2010இல் வந்த பீகிள்போர்டு-எக்ஸ்எம் பலகையில் சில்லு டிஎம் 3730, நினைவகம் 512 மெகாபைட். முதல் பீகிள்போர்டில் இருந்த நாண்ட் இதில் இல்லவே இல்லை. நாண்ட் இருக்கிறது என்று நம்பி எழுதிய எதுவும் ஒரே குடும்பத்துப் பலகைகளுக்குள்ளேயே இடறும்.

மறுபடி சுருக்கினால்: எக்ஸ்-லோடர், யு-பூட், கர்னல், சாதன மரம் ஆகியவை மண்டபத்தைச் சார்ந்தவை. இவற்றை அடக்கிய முழுக் கார்டை அப்படியே இடம் மாற்ற முடியாது. இவற்றுக்கு மேலே இருக்கும் நிரல்களையும் நூலகங்களையும் மாற்றலாம்.

## பிஎன்டி கோப்பு எங்கே வருகிறது?

பண்டோராவில் நிரல்கள் பிஎன்டி என்ற வடிவில் வந்தன. இது தனி நிரல் மொழியோ தனி இயந்திர வடிவமோ அல்ல, ஒரு பொட்டலம். நிரலும் அதற்கு வேண்டிய கோப்புகளும் ஒரே கோப்பாகச் சுருட்டப்பட்டு, வாலில் ஒரு விவரப் பட்டியலும் சின்னப்படமும் ஒட்டப்பட்டிருக்கும். எஸ்டி கார்டில் உரிய கோப்புறையில் போட்டால் போதும், பட்டியலில் தோன்றிவிடும், நிறுவ வேண்டியதில்லை. சேமித்த விளையாட்டு நிலைகள் அதே கார்டில் தனி இடத்தில் எழுதப்படும். இவ்வளவு சுத்தமான ஏற்பாட்டை அந்தக் காலத்துக் கையடக்கக் கருவிகளில் நான் அரிதாகவே கண்டேன்.

பொட்டலத்தைப் பிரிக்கும் மென்பொருள் பீகிள்போர்டில் இல்லாவிட்டால் பிஎன்டி கோப்பு வெறும் கோப்பாகவே கிடக்கும். உள்ளே இருப்பதைக் கையால் பிரித்து எடுக்க முடியும். எடுத்த நிரல், மேலே சொன்ன மூன்று அடுக்குகளும் பொருந்தினால் ஓடும்.

ஆனால் சில நிரல்கள் பண்டோராவிலேயே வேரூன்றிவிட்டன. பிராசசரின் வேகத்தைக் கூட்டவும் குமிழ்களை மவுஸாகவோ ஜாய்ஸ்டிக்காகவோ மாற்றவும் பண்டோராவின் கர்னல் தன் பெயரிலேயே சில சிறப்புக் கோப்புகளைத் திறந்துவைத்திருந்தது. அவற்றில் நேரடியாக எழுதும் நிரல், பலகையில் அந்தக் கோப்புகளைக் காணாமல் தடுமாறும். நன்றாக எழுதிய நிரல், அவை இல்லையென்றால் அந்த வேலையை விட்டுவிட்டு மேலே போகும். எழுதியவரின் முன்யோசனையும் இணக்கத்தின் ஒரு பகுதிதான்.

இடம் மாறுவதற்கு ஏற்ப எழுதினால் ஒரு நிரல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் நல்ல சான்று. பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை ஓடவிடும் இந்த நிரல் பண்டோராவுக்காக உருவானது. மூல நிரல் திறந்திருந்ததால் ராஸ்பெர்ரி பை உட்படப் பல ஆர்ம் கருவிகளில் மறுபடி தொகுக்கப்பட்டு ஓடியது. கருவி மாறினால் தொகுப்பும் மாற வேண்டும். அதற்கு மூலம் கையில் இருந்ததே எல்லாவற்றுக்கும் வழிவிட்டது.

## ஒரு நிரல் கையில் கிடைத்தால் எப்படிப் பார்ப்பது

லினக்ஸில் "ஃபைல்" என்ற கட்டளைக்கு நிரலின் பெயரைக் கொடுங்கள். அது ஆர்ம் நிரலா, எந்த ஏற்றியைத் தேடுகிறது என்பதைக் காட்டும். ஏற்றியின் பெயரிலேயே ஹார்ட்-ஃப்ளோட் குறிப்பு இருந்தால், பண்டோராவின் பழைய ஆங்ஸ்ட்ரமில் முயலவே வேண்டாம். குறிப்பு இல்லையென்றால், கருவியிலேயே "எல்டிடி" கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். நிரல் கேட்கும் நூலகங்களில் எவை இல்லையோ அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லும். இல்லாத நூலகங்களை நிரலுடன் சேர்த்து ஒரே கோப்புறையில் வைத்துவிடலாம். பிஎன்டி பொட்டலங்களில் பலவும் இப்படித்தான் தம் நூலகங்களைத் தாமே சுமந்துவந்தன.

நூலகச் சிக்கல் தலைக்கு மேல் போனால் இன்னொரு வழி உண்டு. வேறொரு லினக்ஸ் தொகுப்பின் கோப்புகள் முழுவதையும் ஒரு கோப்புறையில் வைத்து, அதையே வேராக, அதாவது எல்லாக் கோப்புறைகளும் கிளைக்கும் தொடக்க இடமாக எண்ணிக்கொள்ளும்படி நிரலை ஓடவிடலாம். இதற்கு சிரூட் என்று பெயர். கர்னல் பண்டோராவுடையதாகவே இருக்கும். நூலகங்கள் டெபியனுடையதாக இருக்கும். உக்கிராணக்காரர் மாறுவதில்லை, பாத்திரங்களும் இலையும் மட்டும் மாறுகின்றன. ஹார்ட்-ஃப்ளோட் தொகுப்பைக்கூட இப்படி ஓடவிடலாம், ஏனென்றால் அதன் ஏற்றியும் நூலகங்களும் அந்தக் கோப்புறைக்குள்ளேயே ஒரே முறையைப் பின்பற்றுகின்றன.

முழுக் கார்டை இடம் மாற்ற நினைப்பவர், அந்தக் கார்டின் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எக்ஸ்-லோடர் முதல் கர்னல் வரை உள்ளவற்றைப் போய்ச்சேரும் கருவிக்கு உரியவையாக மாற்றிக்கொள்ள வேண்டும். கர்னலுக்கான துணைப் பகுதிகள் ஒரு தனிக் கோப்புறையில் பதிப்பு எண்ணுடன் இருக்கும். அவற்றையும் புதிய கர்னலோடு சேர்த்து மாற்ற மறந்தால், திரை வரும், வைஃபை வராது.